முதலாளித்துவத்துக்கு அடியில் இருக்கும் உணர்ச்சி எது? பேராசை என்கிறார்கள், எனக்கு மானம் என்று படுகிறது

#1 தவணைக்காரன்

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "முதலாளித்துவம் முழுக்கப் பேராசையில் ஓடுகிறது, மனிதன் ஆசையை விட்டால் அது நாளைக்கே நின்றுவிடும்" என்று எழுதியிருந்தார். பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன்.

நான் நாலரை வருடம் ஒரு குழுக்கடன் நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீஸராக இருந்தவன். பெயர் வேண்டாம். காலை ஆறே முக்காலுக்கு முதல் சென்டர் மீட்டிங், அதாவது கடன் வாங்கிய பெண்கள் வாராவாரம் கூடித் தவணை கட்டும் கூட்டம். யாராவது ஒரு அக்கா வீட்டுத் திண்ணையிலோ மாரியம்மன் கோயில் மண்டபத்திலோ பாய் விரித்திருப்பார்கள். ஐந்து ஐந்து பேராக வரிசையில் உட்கார வேண்டும், ஒரு வரிசை ஒரு குழு. எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள், அப்புறம் பாஸ்புக்கையும் பணத்தையும் சென்டர் லீடரிடம் கொடுப்பார்கள். நான் எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழேகாலுக்குள் அடுத்த சென்டருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் நாலு சென்டர், அதற்கப்புறம் ஆபீஸ்.

ஒருவர் பணம் கொண்டு வரவில்லை என்றால் என்ன செய்வது? எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: பேசாதே. திட்டாதே, குரலை உயர்த்தாதே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. மற்ற பத்தொன்பது பேரும் என்னோடு உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அந்த ஒருவர் கணக்கு முடியாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. ஒருத்தர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும், இன்னொருத்தருக்கு நூறு நாள் வேலைக்கு நேரமாகிறது, இன்னொருத்தர் வீட்டில் உலை கொதிக்கிறது. பத்து நிமிடம் கழித்து யாராவது பெருமூச்சு விடுவார்கள். யாராவது எழுந்து சேலையை உதறிவிட்டுத் திரும்ப உட்காருவார்கள். வேறு ஒன்றும் நடக்காது. அது போதும்.

ஒரு நாள் ஒரு அக்காவிடம் பணம் இல்லை. கணவர் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வாரமாகப் படுக்கையில். வாரத் தவணை 680 ரூபாய். நான் உட்கார்ந்திருந்தேன், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும், அந்த அக்கா காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கையில் வைத்தார். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று என் கலெக்‌ஷன் நூற்றுக்கு நூறு. சாயந்தரம் கிளை வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்தினார்கள்.

நான் கேட்பது, அந்தத் திண்ணையில் பேராசை எங்கே இருந்தது? அந்த அக்கா கடன் வாங்கியது கூரைக்கு ஓடு மாற்ற. மற்றவர்கள் வாங்கியது பள்ளிக் கட்டணத்துக்கு, அண்ணன் மகள் சடங்குச் சீருக்கு, இன்னொரு கடனை அடைக்க. எனக்கு இருந்தது ஆசை இல்லை, பயம். பணம் குறைந்தால் என் சம்பளத்தில் கை வைப்பார்கள். என் மேனேஜருக்கும் அதே பயம். மேலே முதலீடு போட்டவர்களுக்குப் பேராசை இருக்கலாம், அவர்களை நான் பார்த்தது கிடையாது. ஆனால் வீட்டுப் பத்திரம் இல்லாமல், நகை இல்லாமல், ஜாமீன் கையெழுத்து இல்லாமல் லட்சக்கணக்கான பெண்களுக்குக் கடன் கொடுக்கிறார்களே, அடமானமாக எதை வாங்குகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரி முன்னால் தலைகுனிய முடியாது என்ற அந்த உணர்வைத்தான்.

இதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. ஐந்து பேர் குழு என்ற முறை வங்கதேசத்து கிராமீன் வங்கியிலிருந்து வந்தது. அதை நிறுவிய முகமது யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே முறையை எடுத்துக்கொண்ட ஹைதராபாத்தின் எஸ்.கே.எஸ். என்ற குழுக்கடன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போனது. விற்ற பங்குகளைப் போலப் பல மடங்கு விண்ணப்பம். கடன் தொல்லையால் தற்கொலைகள் என்ற செய்திகள் தொடர்ந்து வந்து, அந்த அக்டோபரிலேயே ஆந்திர அரசு குழுக்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் போட்டது. அதுவரை 99 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வசூல், அந்த மாநிலத்தில் சில மாதங்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. பெண்கள் ஒரே நாளில் நாணயம் கெட்டவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. எல்லோரும் சேர்ந்து கட்டாமல் விட்டபோது யாரும் யார் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை. அடமானம் கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 திருப்பூர்_பனியன்

தம்பி, படித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஆனால் உன் முடிவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ பார்த்தது கடன் வாங்கியவர்களின் பக்கம். தொழில் செய்பவன் பக்கம் வேறு.

நான் 1994இல் திருப்பூருக்கு வந்தது கைமடிக்கு. அப்போது எனக்குப் பதினைந்து வயது. துணியை மடித்துக் கொடுக்கிற பையன், அவ்வளவுதான். அப்புறம் ஓவர்லாக் தையல் மிஷின், அப்புறம் ஃபிளாட்லாக் மிஷின். பீஸ் ரேட்டில் உழைத்தவன் நான். ராத்திரி இரண்டு மணிக்கு மற்ற டெய்லர்கள் டேபிளுக்கு அடியிலேயே தூங்குவார்கள், நான் இன்னும் நூறு பீஸ் அடிப்பேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 2003இல் வாடகை ஷெட்டில் நாலு மிஷினோடு ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். இந்த ஊரில் இது புதிதில்லை. தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள், பனியன் கம்பெனியில் கூலிக்கு வந்து அப்புறம் முதலாளி ஆனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களைக் கேட்டால் "உழைத்தோம்" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார்கள். நானும் ஒரு ஆள் என்று நிற்க வேண்டும், அந்த வீம்புதான் எங்களை ஓட வைத்தது.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஆற்றை நாங்கள்தான் கெடுத்தோம், கீழே ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை விவசாயி தொடவே முடியாமல் போனது. ஆனால் துணிக்குச் சாயம் போட வெளியூர் போக வேண்டியதாகி, ஆர்டர் எல்லாம் நின்றுபோனது. கணக்குப் பார்த்தால் அன்றைக்கே ஷெட்டைப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டவில்லை. பதினாலு மாதம் நட்டத்தில் ஓட்டினேன். போர்டை இறக்கிவிட்டால் திருவிழா நோம்பிக்கு ஊருக்குப் போய் நிற்க முடியாது. லாபத்துக்காக மட்டும் தொழில் செய்கிறவன் இப்படிச் செய்வானா?

#3 பழைய_வாத்தியார்

இருவரும் எழுதியதைப் படித்ததும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் என்றதும் எல்லோரும் சுயநலத்தைப் பேசியவர் என்று முடித்துவிடுகிறார்கள். நாடுகளின் செல்வம் பற்றிய நூலை அவர் வெளியிட்டது 1776இல். அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1759இல், மனித உணர்ச்சிகளைப் பற்றித்தான் முதல் நூலை எழுதினார். அதில் அவர் கேட்கும் கேள்வி இந்த இழையின் கேள்விதான்: வயிற்றுப்பாட்டுக்குக் கூலிக்காரனின் வருமானமே போதுமே, பிறகு எதற்காக மனிதன் இந்தப் பாடுபடுகிறான்? நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும், கவனிக்க வேண்டும், மதிக்க வேண்டும் என்பதற்காக என்கிறார். ஏழைக்குப் பெரிய துன்பம் வறுமையைக் கண்டு வெட்கப்படுவது. கூட்டத்தின் நடுவே நின்றாலும் குடிசைக்குள் இருப்பது போலவே யார் கண்ணிலும் படாமல் இருப்பான் என்று எழுதுகிறார்.

பின்னால் வந்த நூலில் வரியைப் பற்றிப் பேசும்போது நார்த்துணிச் சட்டை ஒன்றை உதாரணம் காட்டுவார். உயிர் வாழ அந்தச் சட்டை தேவையே இல்லை, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்தில் மரியாதையான ஒரு தினக்கூலி அது இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அது அத்தியாவசியப் பொருள் என்கிறார். இங்கிலாந்தில் தோல் காலணியும் அப்படித்தானாம், ஸ்காட்லாந்தில் அதே நிலையில் உள்ள பெண் வெறுங்காலோடு நடந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்களாம். அதாவது எது அத்தியாவசியம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. நாற்பது ஆண்டு வகுப்பறையில் நான் பாடம் நடத்திய புத்தகங்கள் எதிலும் இந்தச் சட்டை வரவில்லை. தேவை என்றால் ஒரு வளைகோடு, அளிப்பு என்றால் இன்னொரு வளைகோடு, அவ்வளவுதான். அது எனக்கு இன்றும் உறுத்தல்.

திருப்பூர் நண்பர் நட்டத்தில் ஓட்டிய கதைக்கும் ஒரு பதில் உண்டு. 1936இல் பொருளியலாளர் கெயின்ஸ், முதலீடு என்பது பெரும்பாலும் கணக்குப் பார்த்து வருவதில்லை, சும்மா இருப்பதைவிட எதையாவது செய்ய வேண்டும் என்று உள்ளே எழும் ஒரு உந்துதலால் வருவது என்றார். அந்த உந்துதல் வாடிவிட்டால் தொழில்முனைவும் வாடிவிடும் என்றார். தங்கள் பதினாலு மாதத்தை நான் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

#4 முல்லைப்பெரியாறு

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றியது.

எனக்குப் பதினாறு வயதில், 2006இல், எங்கள் ஊருக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். தெரிந்தவர்தான், அப்பாவுக்கு ஒரு வகையில் சொந்தம். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்த்துவிட்டால் மூன்று வருடம் கழித்து மொத்தமாக 35,000 ரூபாய் தருவார்கள், சாப்பாடு ஹாஸ்டல் எல்லாம் அவர்களே, பெண் பாதுகாப்பாக இருக்கும், திரும்பி வரும்போது கல்யாணத்துக்கு நகை ரெடி என்றார். நோட்டீஸில் மஞ்சள் நிறத்தில் தாலி படம் போட்டிருந்தது. சுமங்கலித் திட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், அந்தப் பக்கம் வேறு பெயர்களும் இருந்தன. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். நான் மூத்தவள். அம்மா அந்த நோட்டீஸை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மில்லுக்கு வேலை செய்ய ஆள் வேண்டும் என்று அவர்கள் வரவில்லை. கல்யாணத்துக்கு வழி சொல்ல வந்தது போலத்தான் வந்தார்கள். கூலி எவ்வளவு என்று அப்பா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்திருப்பார், அது குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த 35,000 என்பதும் எங்கள் கூலியில் பிடித்து வைத்த பணம்தான் என்று எனக்குப் புரிந்தது ரொம்ப நாள் கழித்து. அப்போது பரிசு மாதிரி இருந்தது.

நான் சைடர். ரிங் ஃபிரேமில் சைடு பார்க்க வேண்டும், நூல் அறுந்தால் ஓடிப்போய் இழையைச் சேர்த்துவிட வேண்டும், நடந்துகொண்டே இருக்க வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கிலும் முடியிலும் இருக்கும். நைட் ஷிஃப்டில் தூக்கம் வரும்போது மனசுக்குள் நகை டிசைன் பார்ப்பேன், உண்மையாகச் சொல்கிறேன், எந்த ஆரம், எத்தனை பவுன், எந்தக் கடை என்று. கூட இருந்த பிள்ளைகளும் அப்படித்தான். சூப்பர்வைசர் திட்டியதைவிட அந்தக் கனவுதான் எங்களைக் காலையில் எழுப்பியது. ஒருத்தி இரண்டரை வருடம் முடித்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று வீட்டுக்குப் போனாள். மொத்தப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். அவள் திரும்ப வரவில்லை. ஊரில் "பாதியில் ஓடி வந்தவள்" என்று பேர் வாங்கியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

எனக்குப் பணம் கிடைத்தது. மூன்று வருடம் முடிந்தும் லீவு எடுத்த நாட்களுக்கு ஈடாக மேலும் இரண்டரை மாதம் வேலை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த மூன்று வருடத்தில் தங்கம் விலை ஏறிய ஏற்றத்தில், சேரும்போது மனசுக்குள் கணக்குப் போட்ட பவுனில் ஏறத்தாழ பாதிதான் வாங்க முடிந்தது.

தவணைக்காரன் அண்ணா மானம் என்கிறார், திருப்பூர் அண்ணா வீம்பு என்கிறார். எங்களை ஓட்டியது ஒரு கனவு என்று சொல்வேன். ஆனால் அது நான் கண்ட கனவு இல்லை. மூன்று பெண்ணைப் பெற்றவர் வீடு என்று ஊர் பார்த்த பார்வையிலிருந்து வந்தது.

#5 விருதை_வியாபாரி

சகோதரி எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. அதற்குப் பக்கத்தில் என் விஷயத்தை வைப்பது சரியா தெரியவில்லை, இருந்தாலும் மானம் என்பதை முழுக்கக் கெட்ட விஷயமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா சட்டையைப் பற்றிச் சொன்னார். திருவிதாங்கூரில் எங்கள் நாடார் சமூகப் பெண்கள் மேலாடை போட உரிமை கிடையாது. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 1859இல்தான் எல்லோருக்கும் அரசு அனுமதித்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தப் பக்கம் கமுதிக் கோயிலுக்குள் போனதற்கு வழக்கு, 1899இல் சிவகாசியில் கலவரம். காசு இருந்தும் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாத நிலை.

அப்போது எங்கள் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மகமை வைத்தார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று வியாபாரத்திலிருந்து எடுத்துப் பொதுவில் போட்டார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி நடந்ததுதான். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஒரு பையன் கடை வைக்க வந்தால் சரக்கைக் கடனாகக் கொடுத்துவிடுவார்கள், அவன் ஏமாற்ற மாட்டான், ஏமாற்றினால் உறவின்முறையில், அதாவது எங்கள் சமூக அமைப்பில், தலை காட்ட முடியாது. தவணைக்காரன் சொன்ன அதே அடமானம்தான், ஆனால் அந்த அடமானத்தை வைத்திருந்தது நாங்களே. லாபமும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

என் தாத்தா நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார், அப்புறம்தான் "இரண்டு". சின்ன வயதில் அதைக் கேட்கும்போது சாமி பெயரைச் சொல்வது போல இருக்கும். லாபம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள், அது யாருக்கு எதிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

#6 சீட்டுக்கணக்கு

எல்லாம் சரி, ஆனால் மானமும் வெட்கமும் முதலாளித்துவத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. கந்து வட்டிக்காரன் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தது மானத்தை வாங்கத்தான். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பமே தீக்குளித்தது, அது கந்து வட்டிப் புகார். 2003லேயே அதற்குச் சட்டம் இருந்தும் அப்படி.

சீட்டிலும் இதுவே. நான் ஏலச் சீட்டு நடத்தும் குடும்பத்தில் வளர்ந்தவன். ஏலம் நடக்கும்போது யார் அதிகமாகத் தள்ளி எடுக்கிறாரோ அவருக்கு அவசரம் என்று இருபது பேருக்கும் தெரிந்துவிடும். அதனாலேயே பலர் பணத்தேவை கழுத்தை நெரித்தாலும் முதல் இரண்டு சீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள், வெளியே போய் அதைவிட அதிக வட்டிக்கு ரகசியமாக வாங்குவார்கள். தன் தேவையை மறைக்க மனிதன் கூடுதல் வட்டி கட்டுகிறான். இது எந்தக் காலத்திலும் உள்ளதுதானே? முதலாளித்துவம் இதில் புதிதாக என்ன செய்தது?

#7 தவணைக்காரன்

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பழைய வட்டிக்காரன் கொடுமைக்காரன், மறுக்கவில்லை. ஆனால் அவன் வாசலில் வந்து உட்கார்ந்தால் ஊர் அவனைப் பார்க்கும். பாவம் அவனைச் சேரும் என்று ஒரு கிழவியாவது மண் வாரித் தூற்றுவாள். நான் போன சென்டர்களில் யார் மீதும் மண் வாரித் தூற்ற முடியாது. நான் கெட்டவன் இல்லை, சிரித்த முகமாகத்தான் இருப்பேன், "அக்கா சாப்பிட்டீங்களா" என்று கேட்பேன். அழுத்தம் கொடுப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அவளும் கெட்டவள் இல்லை, அவள் பணத்தை எடுத்து இவளுக்குக் கட்ட வேண்டி வரும் என்ற பயம் அவளுக்கு. முன்பு அந்தத் தெருவில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் ஒரு படி அரிசி கொடுப்பார்கள். நாங்கள் போன மூன்றாவது வருடம் அதே பெண்கள் ஒருவரையொருவர் உளவு பார்த்தார்கள்: அவள் வீட்டில் புது மிக்சி வந்திருக்கிறது, அவள் மகன் பைக் வாங்கிவிட்டான், ஆனால் தவணைக்கு மட்டும் இல்லையா என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அந்தத் தகவலுக்கு நாங்கள் ஒரு பைசா செலவு செய்யவில்லை.

இன்னொன்று. எங்கள் கிளையின் கடன்களை மொத்தமாகக் கட்டி வங்கிக்கு விற்பார்கள். வாங்குகிற வங்கி முதலில் பார்ப்பது வசூல் விழுக்காட்டை. அந்தத் திண்ணையில் தோட்டைக் கழற்றிய நிமிடம், மேலே ஒரு தாளில் நல்ல மதிப்பெண்ணாகப் போய் உட்காருகிறது. வட்டிக்காரனிடம் மானம் அவனோடு நின்றது. இங்கே அது சரக்கு மாதிரி கைமாறி, கடைசியில் வாங்குகிறவருக்கு அது என்ன என்றே தெரியாது. இதுதான் புதிது என்று எனக்குப் படுகிறது.

நகைக்கடனும் இப்படித்தான். நகை மதிப்பில் 75 விழுக்காடு வரைதான் கடன் தரலாம் என்று பல வருடமாக வரம்பு இருந்தது, மீதி பாதுகாப்புக்கு. ஆனால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு, அம்மா போட்டுவிட்ட சங்கிலியை ஏலத்துக்கு விட மனசு வராது என்பது. எடைத் தராசில் அது ஏறாது, ஆனால் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் ரிசர்வ் வங்கி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று விதி கொண்டு வந்தது. அதே விதியில் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளைப் பறிப்பது எல்லாம் குற்றம். சந்தோஷம். ஆனால் நான் மிரட்டவே இல்லையே. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை எந்தப் பிரிவில் எழுதுவது?

விருதை அண்ணா சொன்னதை மறுக்க முடியவில்லை. மகமையில் அடமானம் யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஆனால் அண்ணா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த உறவின்முறைக்கு வெளியே இருந்தவனுக்கு, கடையில் மூட்டை தூக்கியவனுக்கு அந்தச் சரக்குக் கடன் கிடைத்ததா?

#8 விருதை_வியாபாரி

கிடைக்கவில்லை. மூட்டை தூக்கியவர்களுக்கு மகமையில் பங்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கடன் கிடைக்கவில்லை. நீங்கள் கேட்டது நியாயம்.

#9 திருப்பூர்_பனியன்

முதலில் எழுதியபோது நான் வேறு கட்சி என்று நினைத்தேன். தேனித் தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு என் பதிவை நானே திரும்பப் படித்தேன். "நோம்பிக்கு ஊருக்குப் போய் நிற்க முடியாது" என்று எழுதியிருக்கிறேன். சரி, நானும் அதே கட்சிதான்.

நேற்று என் ஷெட்டில் டெய்லர்களிடம் கேட்டேன், பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள், அதில் எட்டுப் பேருக்குக் குழுக்கடன் இருக்கிறது. எனக்கு இத்தனை நாள் தெரியாது. வியாழக்கிழமை காலையில் ஏன் எல்லோரும் லேட்டாக வருகிறார்கள் என்று திட்டியிருக்கிறேன், சென்டர் மீட்டிங் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. எதற்கு வாங்கினீர்கள் என்றால் ஆறு பேர் சொன்னது ஸ்கூல் ஃபீஸ். ஏன் கவர்மெண்ட் ஸ்கூல் பக்கத்திலேயே இருக்கிறதே, பஸ் காசுகூட இல்லையே என்று கேட்டேன். ஒரு அம்மா சொன்னது, "எங்க லைன் வீட்டுல பத்துக் குடித்தனம், ஒன்பது வீட்டுப் பிள்ளைங்க வேனில் போகுது, எம்பிள்ளை மட்டும் நடந்து போனா நல்லாவா இருக்கும்?" வாத்தியார் ஐயாவின் நார்த்துணிச் சட்டை இப்போது மஞ்சள் வேனாக வருகிறது.

அவர்களுக்கு ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் மனைவி ஒரு கேள்வி கேட்டார்: முன்பணம் வாங்கியவள் வேறு கம்பெனிக்குப் போக முடியுமா, அல்லது உங்கள் முகத்துக்காக இங்கேயே இருக்க வேண்டுமா? பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

#10 பழைய_வாத்தியார்

முன்பணத்தைக் கடன் என்று எழுதாமல் கூலியை அந்த அளவுக்கு உயர்த்திவிடுங்கள். அவர் எங்கே போனாலும் அது அவர் பணம். கசப்பாக இருக்கும், இருந்தாலும் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

#11 தவணைக்காரன்

ஐயா சொன்னதே என் பதிலும். சகோதரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்களா?

#12 முல்லைப்பெரியாறு

மில்லில் வேலை செய்தேன் என்று தெரியும். எதற்காகப் போனேன் என்று சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அரசுப் பள்ளி. போன வருடம் தனியார் பள்ளியிலிருந்து மாற்றினோம், வேன் ஃபீஸ் மிச்சமான முதல் மாதமே குழுக்கடனில் ஒன்று முடிந்தது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தமிழ் டீச்சர் நல்லவர் என்கிறாள். மாமியார் மட்டும் இன்னும் சொந்தக்காரர்களிடம் பழைய பள்ளி பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு வளைகாப்பில் யாரோ கேட்டபோது அவர் அப்படிச் சொன்னார், என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நானும் திருத்திச் சொல்லவில்லை.